இரவல் போன முன்வரிசைக்காரன்

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் காயல்பட்டினத்துக் கால்பந்து அணியில் நான் முன்வரிசை ஆட்டக்காரன். கோல் காப்பவரும் செயலாளரும் என் உடன்பிறந்த அண்ணன். எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்போம். தூத்துக்குடித் துறைமுக அணியில் ஒருவன் காலை உடைத்துக்கொள்ள, அதன் கேப்டன் பஸ் ஏறி வந்து காக்காவிடம் இரவலாக ஆள் கேட்டார். காக்கா கையெழுத்துப் போட்டு என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி மனுஷன்!

லீக் விதி இதுதான்: இரவல் போனவன் தன் சொந்த அணிக்கு எதிராக ஆடக்கூடாது. மூன்று ஆட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்த அணி கடிதம் எழுதித் திருப்பிக் கேட்க வேண்டும், அல்லது வாங்கிய அணி திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நிரந்தர மாற்றம். பிறகு ஒரு வருஷத்துக்கு அசைய முடியாது.

மூன்று ஆட்டமும் முடிந்தது. ஐந்தாம் நாள் ஊருக்கு ஓடினேன்.

“காக்கா, கடுதாசி எழுதிட்டீங்களா?”

“குடுத்தத எப்படிடா திருப்பிக் கேக்க? நம்ம வூட்டுல அந்தப் பழக்கம் உண்டுமா?”

இல்லைதான். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் பெரிய தட்டு, சஹன், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மூன்று வருஷமாக அங்கேயே கிடந்தது. கேட்டால் மரியாதைக் குறைவாம்.

“நான் என்ன சஹனா?” என்று கத்தினேன். காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

தூத்துக்குடிக்குத் திரும்பி, “அண்ணாச்சி, நீங்களாவது என்னை அனுப்பிருங்க” என்று கேப்டனிடம் கெஞ்சினேன்.

“ஏலே, வந்த ஆள நாங்களா போன்னு சொல்லுவோம்? காயல்காரங்க என்ன நெனப்பாவ? பேசாம வெளையாடு.”

இரண்டு பக்கமும் மரியாதை பார்த்தே ஏழு நாளும் போயிற்று. எட்டாம் நாள் லீக் அலுவலகத்தில் முத்திரை விழுந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அணி போனதற்காக மட்டும் இல்லை. காக்காவுக்கு நான் வேண்டாதவனாகிவிட்டேனோ என்று இருந்தது.

இறுதி ஆட்டம் காயல் அணியோடு. நிரந்தர ஆளாகிவிட்டதால் நான் ஆடியே ஆக வேண்டும். கடைசி நிமிஷத்தில் பந்து என் காலுக்கு வந்தது, எதிரே காக்கா. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து உதைத்தேன். கோல்! துறைமுகத்துக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலிருந்து பார்த்தேன். காக்கா அந்தப் பந்தை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சந்தோஷம் அங்கேயே செத்தது.

மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடியில் எங்கள் கிளப் கொட்டகைக்குப் பின்னால் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே காக்காவின் குரல்! பஸ் பிடித்து வந்திருக்கிறார். மழையைப் பற்றிப் பேசினார், ஆறுமுகநேரி உப்பளத்தைப் பற்றிப் பேசினார், கேப்டன் வீட்டுப் பிள்ளைகளை விசாரித்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. எங்க தம்பியத் திருப்பித் தாங்க.”

அவர் யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“அடப் பாவமே, இத அன்னைக்கே சொல்லக் கூடாதா! இனி விதிப்படி ஒரு வருஷம் ஆகுமே” என்றார் கேப்டன்.

காக்கா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு வருஷமா? சரி. அதுவரைக்கும் மழையில அவன வெளையாட வுடாதீங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிடும்.”

நான் ஈரக் காலோடு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.