மின்விசிறியை நிறுத்தியவர்

தொண்ணூறுகளில் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பெண் அவர். கத்தரிக்கோலைத் தொடுமுன் மின்விசிறியை நிறுத்திவிடுவார்.

அக்காவுக்குச் சினைப்பையில் புற்று. ரிப்போர்ட் வாங்கப் போன நான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். கட்டியிலிருந்த குரோமோசோம்களைப் படமெடுத்து, ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். வியர்வையில் மூக்குக்கண்ணாடி நழுவியது; கவனிக்கவில்லை. ஓரத்தில் நிறையத் துண்டுகள் மிஞ்சின.

“இதுக்கெல்லாம் ஜோடி எங்கே மேடம்?”

“இல்ல சார். உடைஞ்சு, கண்டதோட ஒட்டிக்கிட்டிருக்கு. மூச்சை மெதுவா விடுங்க, பறந்துடும்.”

ஐப்பசியில் அக்காவின் உடலை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். நான் எழுந்துபோய் நிறுத்தினேன். அந்தப் பெண் சொன்னபடியே மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.