புளிப்பு பட்டால் திறக்க வேண்டிய பை

கொழுப்பில் நுண்ணிய பைகள் செய்து, அதற்குள் டி.என்.ஏ.வை வைத்து மூடுவதுதான் என் ஆராய்ச்சி; அதை யாரிடமும் தலை நிமிர்ந்து சொன்ன ஞாபகம் எனக்கில்லை. எண்பதுகளில் காரைக்காலில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பாண்டிச்சேரியில் ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி.க்குப் பதிந்திருந்தேன். உடம்பிலுள்ள உயிரணு, அதாவது செல், அந்தப் பையை விழுங்கி, தனக்குள் இருக்கும் புளிப்பான ஓர் அறைக்குக் கொண்டுபோகும். புளிப்பு பட்டதும் பை திறந்து சரக்கை வெளியே விட வேண்டும். பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்லதை அனுப்ப இது என்றைக்காவது உதவும் என்பது கனவு. இப்படி எதிலாவது காலை வைத்துவிட்டு, ஊராருக்கு விளக்கம் சொல்லியே களைத்துப்போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

வெள்ளைப் பை

டி.என்.ஏ.வை விலைக்கு வாங்கினால் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மாதக்கணக்காகும். ஆண் மீனின் விந்துப்பையிலிருந்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் சுலபமாகச் சொல்லிவிட்டார். கல்யாணமாகாத நான் ஒரு தூக்குவாளியோடு கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய், கரையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் முன்னால் குந்தினேன். மீன் வேண்டாம், ஆண் மீன் வயிற்றிலிருக்கும் அந்த வெள்ளைப் பை மட்டும் வேண்டும் என்றேன். காதில் விழவில்லை என்றார். மறுபடி சொன்னபோது சுற்றியிருந்த பெண்களின் கத்திகளும் நின்றுவிட்டன.

கல்லூரிக்கு, ஆராய்ச்சிக்கு என்று என்னென்னவோ சொன்னேன். அவர் எதையும் கேட்காமல் வாளியை நிரப்பி, மேலே ஒரு வாழையிலையைப் போட்டு மூடினார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இதுக்கெல்லாம் நீ வரக்கூடாது கண்ணு. ஒன் வீட்டுக்காரரை அனுப்பு, கொறை அவருக்குத்தானே."

விருந்தாளி வந்த நாள்

பேராசிரியர் ஒருமுறை வெளியூர் அறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்க வந்தார். சோதனைக்காகப் பைகளுக்குள் டி.என்.ஏ.வுக்குப் பதில் ஒரு சாயத்தை அடைத்திருந்தேன். பைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்வரை அந்தச் சாயம் ஒளிராது. வெளியே வந்தால் பச்சையாக மின்னும். அமிலம் விட்டதும் இருட்டறையில் குழாய் பச்சையாவதைக் காட்டுவதாக ஏற்பாடு.

சித்திரை மாதம். காலையிலிருந்தே கரண்ட் இல்லை, குளிர்பெட்டி வெந்நீர்ப் பானையாகிவிட்டது. கரண்ட் வந்ததும் ஜன்னல்களை மூடி, புற ஊதா விளக்கைப் போட்டேன். அமிலத்தை இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. குழாய் முழுக்கப் பச்சை. வெக்கையிலேயே பைகளெல்லாம் ஒழுகிவிட்டிருந்தன. விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என் நிலைமையைப் பார்க்கப் பொறுக்காமல், எங்கள் அட்டெண்டர் கலியபெருமாள் முன்னால் வந்து கைகட்டிச் சொன்னார்: "வெளியூர்லேந்து பெரியவங்க வந்திருக்காங்கன்னு அதுவே தொறந்துக்கிச்சுங்க."

அண்ணன் பரப்பிய சேதி

வரிச்சிக்குடியில் நெல் சாகுபடி பண்ணும் என் அண்ணனுக்கு என்மேல் ஏகப் பெருமை. பிறவி நோய்க்குத் தங்கச்சி மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அம்பகரத்தூரிலிருந்து தங்கராசு என்பவர் தன் மகள் செல்வியோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். பிறந்ததிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு ரத்தம் சரியாக ஊறுவதில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் பாதிதூரம் ஏறிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றாள்.

உட்காரவைத்து, கழுநீர் மாதிரி கலங்கலாக இருந்த குழாயைக் காட்டினேன். இது கண்ணாடிப் பாத்திரத்தில் வளரும் உயிரணுவுக்குள்ளேயே இன்னும் ஒழுங்காகப் போகவில்லை, மனிதர்களுக்கு வர ரொம்ப வருஷமாகும், நம் காலத்தில் வராமலும் போகலாம் என்று சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் குரல் இறங்கிக்கொண்டே போனது. வீட்டுக்குப் போய் அண்ணனைத் திட்ட வேண்டும் என்றிருந்தது. ஆனால் அவர் டீக்கடையில் சொன்னதைத்தான் நானும் ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அப்படியொரு குழந்தையை அதுவரை பார்த்ததில்லை என்பது மட்டும் அதில் இல்லை.

தங்கராசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி சொன்னார்: "நீங்க அவசரப்படாம செய்ங்க டீச்சர். அதுவரைக்கும் ரத்தத்தை ஏத்திப் புள்ளைய நான் வச்சிருக்கேன்."

செல்வியின் சந்தேகம்

அவர்கள் படியிறங்கும்போது, பின்னாலேயே ஓடி ரத்தப் பிரிவைக் கேட்டேன். என்னுடையதேதான். அடுத்த முறை அவர்கள் ரத்தம் ஏற்ற வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக் கையை நீட்டினேன். அவர்கள் காரைக்கால் பக்கம் இருந்தவரை, டாக்டர் அனுமதித்தபோதெல்லாம் கொடுத்தேன். பிறகு செல்வியின் மாமா மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பட்டம் கிடைத்தது. பை ஒழுகுவது நிற்கவில்லை.

முதல் தடவை என் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, அது யாருடையது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பாட்டிலிலிருந்து அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, என் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டாள்: "இது ஏறுனா எனக்கும் கணக்கு வந்துருமா டீச்சர்?"

இத்தனை வருட ஆராய்ச்சியில், இன்னொரு உடம்புக்குள் நான் அனுப்பி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லிக்கொள்ள, என் பாட்டியும் பாட்டனும் எந்தக் கல்லூரிக்கும் போகாமலே எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ரத்தம் மட்டும்தான் இருக்கிறது.