ஒருமனதாக என்று எழுதியவன்

பத்தாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் வரும் பாடம் என்றால் எனக்குக் கூடுதல் உற்சாகம். கரும்பலகையின் இடது ஓரத்தில் 'பங்குச் சந்தை சரிவு' என்று எழுதி ஓர் அம்புக்குறி போடுவேன். அங்கிருந்து மூடிய வங்கிகள், வேலையில்லாத் திண்டாட்டம், பசி. அடுத்த அம்புக்குறி சர்வாதிகாரிகள். கடைசி அம்புக்குறி வலது ஓரச் சட்டத்தில் போய் முட்டும். 'உலகப் போர்' என்று எழுத எப்போதுமே இடம் பற்றாது. எழுதி முடித்ததும் சர்வாதிகாரியை ஏற்றுக்கொண்ட அந்த நாட்டு ஜனங்களைத் திட்ட ஆரம்பிப்பேன். ஒருத்தன் மேடையேறிக் கத்தினால் நாட்டையே தூக்கிக் கொடுத்துவிடுவார்களா, அறிவு எங்கே போயிற்று என்று. பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் சுலபமாக வரும். வெளிநாட்டுக்காரன் மேல் என்றால் இன்னும் சுலபம்.

என் மனைவி பொம்மை செய்கிறவள். விருத்தாசலத்தில் இது பெரிய சேதி இல்லை. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி, காய்ந்ததும் பிசிறு எடுத்து, பொதுச் சூளைக்குக் கொண்டுபோவாள். அங்கே பல பட்டறைக்காரர்களின் சரக்கும் ஒரே டிராலியில் அடுக்கப்பட்டு உள்ளே போகும். வெந்து வந்த பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பச்சையாக இருக்கும்போதே அடியில் அவரவர் குறியைக் கீறிவிடுவார்கள். என் மனைவியின் குறி ஒரு சின்னக் கோடு. அவளோடு பதினாறு வருடமாக வேலை செய்யும் மங்கலம்பேட்டைப் பெண்ணின் குறி இரண்டு புள்ளி. அந்தப் பெண்ணின் கணவர் வளைகுடாவில் டிரைவர். காலை பஸ்ஸில் வந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் தன்னுடைய அச்சுகளை வைத்து கொலுவுக்கு யானை செய்வாள். மத்தியானம் இருவரும் டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வார்கள். எது யார் வீட்டுக் குழம்பு என்று தெரியாமலே என் பாதி ஆயுள் கழிந்துவிட்டது.

போன வருடம் தொழில் படுத்தது. அதே சூளையில் வேகும் பீங்கான் ஃபியூஸ் கேரியருக்கு ஆர்டர் இல்லை. பொம்மைக் கடைக்காரர்கள் காகிதக்கூழ் பொம்மைக்கு மாறிவிட்டார்கள். கேஸ் விலை ஏறியது. டிராலி நிரம்பாமல் சூளையைப் பற்றவைத்தால் கட்டுப்படியாகாது என்று ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க, சூளை வாரக்கணக்கில் ஆறிக் கிடந்தது. வேகாத பொம்மைகள் கொட்டகைத் தரையெல்லாம் நின்றன. டீக்கடையில் யாரைப் பார்த்தாலும் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பட்டறைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். மனைவிக்குப் பதிலாக நான் போயிருந்தேன். ஃபியூஸ் கேரியர் பட்டறை வைத்திருந்த ஒருவர் எழுந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆளாளுக்கு நாட்டாமை பண்ணுவதால்தான் இந்தக் கதி, மூன்று மாதம் சூளையை என் பொறுப்பில் விடுங்கள், குறுக்கே கேள்வி கேட்காதீர்கள், எரிய வைத்துக் காட்டுகிறேன் என்றார். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. எனக்கும்தான். வாத்தியார் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று தீர்மானத்தை என்னிடம் எழுதச் சொன்னார்கள். முதல் தீர்மானம், அவருக்கு முழு அதிகாரம். இரண்டாவது, வெளியூர்க்காரர்களின் சரக்கு இனி ஏறாது. உள்ளூர்க்காரர்களுக்கே இடம் போதவில்லையாம். டிராலி நிரம்பவில்லை என்றுதானே கூட்டமே போட்டோம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள்.

"வெளியூருன்னா யாருங்க? இருக்கிறது அவ ஒருத்தி. அத நீங்களா எழுதுனீங்க?"

மூன்று மாதம்தானே என்றேன். மூன்று மாதத்தில் நவராத்திரியே முடிந்துவிடும். கொலுவுக்கு முன்னால் வேகாத யானை அந்த வருடத்துக்கு வெறும் மண்தான். மங்கலம்பேட்டைப் பெண்ணுக்கோ அது தவறவிடக்கூடாத வருடம். கணவர் இருக்கும் ஊருக்கு மேலே ஏவுகணைகள் பறப்பதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை நின்று, ஊர் திரும்பவும் வழியில்லாமல், அவர் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் நம்பியிருந்தது அந்த யானைகளைத்தான். மறுநாளும் பஸ் பிடித்து வந்தாள். எப்போதும் போல என்னைப் பார்த்து, "சாப்ட்டீங்களா சார்?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம் பள்ளியில் அதே பாடம் வந்தது. அம்புக்குறிகளைப் போட்டேன், வழக்கம் போலத் திட்டவும் தொடங்கினேன். கம்மாபுரத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். முகத்தில் கேலி ஏதும் இல்லை.

"அந்த ஊர்ல வாத்தியாருங்கல்லாம் என்னா சார் பண்ணாங்க?"

புத்தகத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பாடத்தைப் படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை மனைவியோடு சூளைக்குப் போனேன். புதுப் பொறுப்பாளர் ஒவ்வொரு பொம்மையாகக் கவிழ்த்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூடையைத் திறந்தால் அத்தனையும் யானை. எனக்கே அப்போதுதான் தெரியும். ஈரத்துணியால் இரண்டு புள்ளிகளையும் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் கோட்டைக் கீறி வைத்திருந்தாள் என் மனைவி. ஆனால் யானை அச்சு எங்களிடம் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவர் அவளைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எழுதுன தீர்மானம். நீங்களே சொல்லுங்க, இது யாருது?"

மனைவி என்னைப் பார்க்காமல் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுடையது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே ஒரு பொய்யை நல்ல கையெழுத்தில் எழுதியாயிற்று.

"செஞ்சது மங்கலம்பேட்டைக்காரங்க. அவங்களும் எங்க வூடுதான். நான் எழுதுனது தப்புங்க," என்றேன்.

அப்படியானால் உங்கள் சரக்கும் ஏறாது என்று கூடையைத் தள்ளி வைத்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஊறுகாய் ஜாடிக்காரர் தன் கூடையைத் தூக்கி மறுபடியும் வண்டியில் கட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவரும் கட்டினார். டிராலி பாதியில் நின்றது. பொறுப்பாளர் நான்கு நாள் வீம்பு பிடித்துப் பார்த்துவிட்டு, யானைகளைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். புரட்சியெல்லாம் ஒன்றுமில்லை. டிராலி நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்டிலும் நாலு பேர் நேரத்தோடு கூடையைத் தூக்கியிருந்தால் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். தூக்கியவர்களும் இருந்திருப்பார்கள். போதவில்லை.

அலைச்சலில் சில யானைகளுக்குத் தும்பிக்கை போயிற்று. மிச்சம் கொலுவுக்கு முன்னால் விற்றுப்போயின. சண்டை ஓய்ந்ததும் மங்கலம்பேட்டைப் பெண்ணின் கணவர் மெலிந்துபோய் வந்து சேர்ந்தார். வந்த மறுவாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். தீர்மானம் எழுதியது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவள் சொல்லவில்லை.

இந்த வருடம் பாடம் நடத்தும்போது யாரையும் திட்டவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். அந்தக் கம்மாபுரத்துப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, போன வருடம் ஒரு கேள்வி கேட்டாயே, பதில் வேண்டாமா என்றேன். அவளுக்குக் கேள்வியே மறந்துவிட்டிருந்தது. ஞாபகப்படுத்திவிட்டுச் சொன்னேன்:

"அந்த ஊரு வாத்தியாருங்கள்ல பல பேரு, சொன்னத எழுதிக் குடுத்தாங்கம்மா. நல்ல கையெழுத்துல எழுதிக் குடுத்தாங்க."