உள் அறைச் சாவி

ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய அந்தச் சகோதரர் சங்கத்தின் பழைய கட்டிடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிய மறுவாரம், அதன் வரலாற்றை எழுதப் புறப்பட்ட செயலாளர் துப்புரவுக்காரம்மா வீட்டுக்கு வந்தார். முப்பத்தோரு வருஷம் அங்கே பெருக்கித் துடைத்தவள் அவள். உறுப்பினர்கள் கதவை மூன்று முறை தட்டி, ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் உள் அறைக்குள் போகலாம். அவளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

தலைவர் நாற்காலி எந்தப் பக்கம் கிடந்தது என்பதே செயலாளருக்கு மறந்துபோயிருந்தது.

"ஜன்னல் பக்கம், சார். ஒரு கால் ஆடும். நான்தான் அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்தேன்."

மேடை, விளக்கு, பொருளாளர் குறட்டை விடும் மூலை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த முதல் வரியைப் பெருமையாக வாசித்துக் காட்டினார்: "இந்த உள் அறையில் ஒரு பெண்ணின் காலடியும் பட்டதில்லை."

"அப்ப இத்தனை வருஷமா அங்க பெருக்கினது யாரு சார், உங்க தாத்தாவா?"

செயலாளர் அந்த வரியை இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"உக்காருங்க," என்றாள் அவள். "அதை அடிச்சிட்டு முதல்லேர்ந்து எழுதுங்க. நான் சொல்றேன்."