ஓரம் மடித்த மத்தியானம்

அத்தை எனக்கு வெள்ளைக் கவுன் தைத்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது வெளிச்சம்தான். உலகச் சண்டை முடிந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. ராயபுரத்தில் கடலை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு அறை. பகலில்கூட வெளிச்சம் அதற்குள் யோசித்து யோசித்துத்தான் வரும். அந்த அறை சில நாட்கள் முழுக்க வெள்ளையாக இருந்தது.

அதற்குக் காரணம் சித்தப்பா. அவருக்கு ஹார்பரில் மூட்டை இறக்குகிற வேலை. மிலிடரிக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான் எது விலைக்கு வந்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. மூடி இல்லாத தண்ணீர்க் குப்பி, ஒற்றைக் கால் பூட்ஸ் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அம்மா திட்டுவாள். அவர் சிரிப்பார். அன்றைக்கு அவர் தோளிலிருந்து இறக்கியது தலையணை போல ஒரு மூட்டை. கயிற்றை அவிழ்த்து ஒரு உதறு உதறினார். வெள்ளைத் துணி பொங்கிக்கொண்டு வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அறை போதாமல் அடுப்பங்கரை வரைக்கும் போய் நின்றது.

"பேரசூட்டு. சோல்ஜருங்க ஆகாசத்துலேர்ந்து இத்தப் புடிச்சிக்கினுதான் எறங்குவாங்கோ" என்றார்.

நான் அதற்கடியில் புகுந்து மல்லாந்து படுத்துக்கொண்டேன். வாசல் வழியாகக் கடல்காற்று நுழைந்து துணியை மெல்லத் தூக்கும். பிறகு அது மூச்சு விட்டதுபோல மூக்கின்மேல் வந்து படியும். வெளியே பேசுகிறவர்களின் குரல் எல்லாம் தண்ணீருக்கு மேலே கேட்பதுபோல இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன் என்று நினைக்கிறேன்.

விழித்தபோது அப்பாவின் குரல் கேட்டது. ஷிப்டு முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

"இத்த யார்ரா கொண்டாந்தது?"

"நான்தாண்ணா. துணி கெடைக்காத காலத்துல..."

"வெள்ளைத் துணி இந்த வூட்டுக்கு இன்னாத்துக்குடா? அறிவு கீதா ஒனக்கு? எடுத்துக்கினு போடா."

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. துணி அழுக்காகிவிடும் என்று அப்பா கோபிப்பதாக நான் எண்ணிக்கொண்டேன். எங்கள் சந்தில் ஹார்பர் கரித்தூள் படியாத பொருள் கிடையாது. வெள்ளையை வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது?

அந்தத் துணிக்கு நடுவே கால் மடித்து உட்கார்ந்திருந்த அத்தைதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கட்டும்ணா. இது பொடவைக்கு ஆவாது. எல்லாம் முக்கோணம் முக்கோணமா வெட்டி ஒட்டுப்போட்டு கீது. கொய்ந்தைக்குக் கவுன் தெச்சிடறேன்."

அப்பா கைகால் கழுவப் போய்விட்டார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமான மறு வருடமே அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்து வேலைக்குப் போனார். ஒருமுறை திரும்பி வந்தபோது அத்தைக்காகக் கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். மறுபடியும் போனார். அங்கே குண்டு விழுந்தபோது எத்தனையோ பேர் காடு மலை தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. பார்த்தேன் என்று சொல்லவும் ஆளில்லை, போய்விட்டார் என்று சொல்லவும் ஆளில்லை. அத்தை மஞ்சளும் குங்குமமுமாக, பச்சையும் அரக்கும் கட்டிக்கொண்டு, மீன் விற்கும் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து எங்களோடு இருந்தாள். மாமா ஊருக்குப் போயிருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. எல்லார் வீட்டிலும் யாராவது ஊருக்குப் போகிறார்கள்தானே?

ரவிக்கை தைப்பவளுக்குக் கவுன் தைக்கத் தெரியுமா என்றால், தெரியாது. ஆனால் அவளிடம் பாட்டன் காகிதம் இருந்தது.

தெருமுனையில் ஒரு சட்டைக்காரம்மா, ஆங்கிலோ இந்தியர், குடியிருந்தார். ரயிலில் கார்டு வேலை பார்த்தவரின் மனைவி. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறும்போது, அத்தையைக் கூப்பிட்டு ஒரு கட்டு உறைகளையும் ஒரு டப்பா குண்டூசியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடையில் விற்கிற உறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம், உள்ளே வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய காகிதத்தில் வெட்டிய துண்டுகள். அந்தம்மா அதைப் 'பேட்டர்ன்' என்றார். அத்தையின் வாயில் அது 'பாட்டன்' ஆயிற்று. யாரோ ஒரு பாட்டன் உட்கார்ந்து இத்தனை பொறுமையாக வெட்டி வைத்திருக்கிறார் என்று நான் வெகுநாள் நம்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, தாடி வைத்துக்கொண்டு, சீமையில்.

உறைகளை எல்லாம் பாயில் பரப்பி, "உனக்கு எது வோணும்?" என்று அத்தை கேட்டாள். நான் தொட்ட படத்தில் ஒரு சின்னப் பெண் சுழன்றுகொண்டிருந்தாள். அவளுடைய கவுன் பூசணிப்பூ கவிழ்ந்தமாதிரி விரிந்திருந்தது. அத்தை அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குத் துணி எக்கச்சக்கமா ஆவும்."

"வேணாமா அத்தே?"

"ஆவட்டும். மொத்தத்தையும் போட்டுத் தீத்துடலாம்."

அந்தக் காகிதத்தில் எழுத்து ஒன்றும் கிடையாது. ஓட்டைகளும், ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகளும்தான். வெட்டுக்கு வெட்டு சேர வேண்டும், பெரிய ஓட்டை துணியின் நூல்போக்கில் போக வேண்டும் என்று சட்டைக்காரம்மா கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாராம். மற்றதெல்லாம் ஊகம். அத்தை துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியின்மேல் வைத்தாள். எனக்கு அவை கவுனாகவே தெரியவில்லை. ஒன்று திருக்கை மீன் மாதிரி இருந்தது. இன்னொன்று நாக்கு மீன். கழுத்துக்கு வருவது பாதி சாப்பிட்ட அப்பளம். காற்றடித்தால் எல்லாம் ஒன்றாக எழும்பி நடுங்கும். பறக்காமலிருக்க ஆழாக்கு, உப்புச் சாடி, சித்தப்பாவின் ஒற்றைப் பூட்ஸ் எல்லாவற்றையும் தூக்கி வைத்தோம்.

"பேசாத. மூச்சு விட்டாலே நவுருது" என்பாள் அத்தை.

நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்போம். கத்தரி மட்டும் நறுக் நறுக்கென்று போகும். தூரத்தில் ஒரு கப்பல் ஊதும். அப்போது அத்தையின் கை ஒரு கணம் நிற்கும், பிறகு மேலே போகும்.

மிஷின் ஓடிய நாட்களில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வருவேன். முக்கோணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பாவாடையாகி விரிந்துகொண்டே போயின. மேல் சட்டையும் சேர்ந்தாயிற்று. ஓரம் மடிப்பதுதான் பாக்கி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின்மேல் என்னை ஏற்றி நிறுத்தி, கவுனைப் போட்டுவிட்டு, அத்தை கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பில் குத்திக்கொண்டு வந்தாள். அப்போதுதான் திருவொற்றியூரிலிருந்து அவர்கள் வந்தார்கள். மாமாவின் அண்ணன், கூடவே அவர் சம்சாரம். அப்பா அவசரமாகத் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அம்மா காப்பி போடப் போனாள். அத்தை தலையை மட்டும் அசைத்து வரவேற்றாள்.

பெரியவர் நல்லவர்தான். வரும்போதெல்லாம் எனக்குக் கமர்கட்டு வாங்கி வருவார். அன்றைக்கு வாங்கி வரவில்லை. காப்பியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மச்சான், வருசம் ஓடிப்போச்சி. என் தம்பி. எனக்கு மட்டும் ஆசையா? ஆனா நாலு பேரு கேக்கறான். இன்னும் எத்தினி நாளிக்கி இப்டியே பூவும் பொட்டுமா உக்காந்துகினு கீறது?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை பொறக்கறதுக்கு முன்ன முடிச்சிட்டா நல்லது" என்றாள் அந்தம்மா. "ஊரக் கூட்ட வோணாம். எங்க பக்கத்துக் கடலுக்கே இட்டுக்கினு போயிடலாம். நாலு பொம்பளைங்க கூட வந்தா போதும்."

கடல் என்றதும் எனக்குக் குஷி தாங்கவில்லை. எங்கள் கடலில் கப்பலும் கரியும்தான். திருவொற்றியூர்க் கடலில் மணல் வெள்ளையாக இருக்கும், கிளிஞ்சல் பொறுக்கலாம்.

"நானும் வர்றேன்! இந்தக் கவுனப் போட்டுக்கினு வர்றேன்!" என்றேன்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "வாய மூடிக்கினு நில்லுடி" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. பெரியவரின் சம்சாரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று பெரியவர் அத்தையைக் கேட்டார்.

அத்தை விரலால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். குண்டூசிகள் மின்னின. வாயில் ஊசி இருக்கும்போது எப்படிப் பேசுவது? "உம்" என்று என் முழங்காலைத் தட்டினாள். நான் கொஞ்சம் திரும்பினேன். ஒரு ஊசி குத்தினாள். மறுபடியும் தட்டினாள். திரும்பினேன்.

அவர்கள் காத்திருந்தார்கள். ஊசி தீர்ந்துவிடும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டில் கடைசி ஊசிக்கு முந்தையது வரும்போது அத்தை டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக் கவ்விக்கொள்வாள். ஒரு சுற்று முடிந்து நான் வாசலைப் பார்த்து நின்றேன். முடிந்தது என்று குதிக்கப் போனேன். அத்தை என் காலைப் பிடித்து நிறுத்தி, குத்தியதை எல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா இது, கவுனு ஓரமா, கோயிலு பிராகாரமா?" என்றாள் அந்தம்மா. வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தாள்.

அத்தை நிமிரவில்லை. வெயில் வாசலிலிருந்து விலகிச் சுவரேறியது. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்பா வந்தார், போனார். சுவர் வந்தது. பெரியவரின் காப்பி வந்தது, ஆடை படிந்து அப்படியே இருந்தது. எனக்குக் கண் சொக்கியது. கால் மரத்துப்போயிற்று. அத்தையின் விரல்கள் மட்டும் சில்லென்று என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தன.

கடைசியில் பெரியவர் எழுந்துகொண்டார். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும். யோசிச்சிச் சொல்லுங்க."

அப்பா வாசல்வரை போனார். அங்கே நின்று மெதுவாகச் சொன்னார்: "யோசிக்க நான் யாரு மச்சான்? அது எப்ப சொல்லுதோ, அப்பத்தான்."

பெரியவர் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அப்பா உள்ளே வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றார். அத்தை உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். ஒரு ஊசி கீறி உதட்டில் பொட்டாக ரத்தம் இருந்தது.

"இன்னாம்மா..." என்றார் அப்பா.

"ஓரத்த இன்னும் ஒரு வெரல் எறக்கலாம்னு பாக்கறேண்ணா."

அப்பா என் கவுனைக் குனிந்து பார்த்தார். தையலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"எறக்கு. அவசரமில்ல" என்றார்.

பொங்கலுக்கு அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்றேன். காற்று பாவாடைக்குள் புகுந்து அதைக் குடையாக விரித்தது. கொஞ்சம் எம்பினால் கப்பல்களுக்கு மேலே போய்விடலாம் போலிருந்தது. திருவொற்றியூர்க்காரர்கள் அப்புறமும் இரண்டொரு தரம் வந்தார்கள், பிறகு கமர்கட்டோடு மட்டும் வந்தார்கள். மாமா வரவேயில்லை. அத்தை கடைசிவரை பச்சையும் அரக்கும்தான் கட்டினாள்.

எனக்கோ அந்த மத்தியானத்தின்மேல் வெகுநாள் கோபம் இருந்தது. கவுன் நன்றாயிருக்கிறது, யார் தைத்தது என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் கேட்பார்கள். எங்கள் அத்தை என்பேன். கழுத்தும் கையும் பிரமாதமாகத் தைப்பாள், ஆனால் அவளுக்கு ஓரம் மடிக்க மட்டும் சரியாக வராது, ஒரு நாள் முழுக்க ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.