கம்பிச் சுருளில் என் தம்பி

தொட்டிலைத் தொடாமலேயே தொட்டிலை ஆட்டிப் பார்த்தவர் என் சித்தி. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் இன்றைக்கும் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தம்பியின் தொட்டில் தொங்கியது. மேலே ஸ்பிரிங், கீழே அம்மாவின் பழைய கைலி, விடாமல் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருக்க ஒரு மோட்டார். தம்பி கொழுகொழுவென்று வளர வளரத் தொட்டில் சோம்பேறியாகிவிட்டது. மோட்டார் பாட்டுக்கு இழுத்தது. தொட்டில் லேசாகக் குலுங்கியதோடு சரி. வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். தம்பி பகலெல்லாம் கத்தித் தீர்த்தான். அவனைப் பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரே வாரத்தில் கும்பிடு போட்டுவிட்டார்.

அம்மாவுக்குத் தொழிற்சாலையில் விடுப்பு முடியும் நேரம். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, பக்கத்துக் கெலுகோரில் இருந்த பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு செமஸ்டர்தானே, கிளாஸுக்குப் போவாம நின்னுக்கோயேன்டி. இவன் கொஞ்சம் வளந்தோன்ன போலாம்லா," என்றார் அம்மா.

சித்தி தொட்டிலருகே போய் மோட்டாரையும் ஸ்பிரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இனி சித்தி நாள் முழுக்க வீட்டில்!

மறுநாள் சித்தி தொட்டிலில் தம்பியின் கனத்துக்கு அரிசி மூட்டையை வைத்து ஆட்டிப் பார்க்கப் போனார். அம்மா பாய்ந்து வந்து தடுத்தார். பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்குமாம். சரி, பிள்ளையை வைத்தே சோதிக்கலாமா என்று கேட்டதற்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

ஆகவே சித்தி தொட்டிலைத் தொடாமல், அதைப் போலவே ஆடும் மின்சுற்றாகக் கம்பிகளில் கட்டிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு மின்தேக்கி. உராய்வுக்கு ஒரு மின்தடை. தம்பியின் கனத்துக்கு ஒரு கம்பிச் சுருள். மோட்டார் இழுக்கும் இடத்தில் மின்சாரம். தொட்டில் ஒருமுறை ஆடுவதற்குள் இது ஆயிரம் முறை ஆடிவிடுமாம். இரவல் வாங்கிவந்த சின்னத் திரையில் அந்த ஆட்டம் பச்சை அலையாக ஓடியது.

அம்மா தள்ளி நின்றே கேட்டார். "இதுவும் வெறுந்தொட்டில்தானடி?"

"இல்லக்கா. இந்தா, இந்தச் சுருள்தான் உன் மவன். படுத்திருக்கான்."

அம்மா சுருளை உற்றுப் பார்த்தார். "அப்படின்னா மெதுவா ஆட்டு," என்றார்.

சித்தி பெரிய சுருளை மாட்டியதும் அலை படுத்துவிட்டது. அசல் எங்கள் தொட்டிலேதான். பிறகு மின்தேக்கிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றில் அலை திரை முட்ட எழுந்தது. பிள்ளை கனமானால் ஸ்பிரிங்கும் விறைக்க வேண்டும், அதுவும் இவ்வளவுதான் விறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அப்பாவைக் கடைக்கு அனுப்பினார். பழைய ஸ்பிரிங்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஸ்பிரிங் ஏறியது. மோட்டார் அதே மோட்டார்தான், தொட்டில் துள்ளியது. தம்பி ஒருமுறை சிரித்தான். பிறகு வாயைப் பிளந்து தூங்கிவிட்டான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தம்பி ஒரு கம்பிச் சுருள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் நம்பவில்லை. அப்படியொரு சித்தி அவர்களுக்கு வாய்க்கவில்லை, பாவம்.

அன்று ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. தம்பி தூங்கியதும் சித்தி அறைக்குள் போய்த் தேம்பித் தேம்பி அழுதார். பின்னாலேயே போன அம்மா, "இனி ஆன்ட்டியே பாத்துக்குவாங்க. காலையில கிளாஸுக்குக் கெளம்புடி," என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். இவ்வளவு அழகாக ஆடும் தொட்டிலை வைத்துக்கொண்டு அழுவார்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கதவைத் தட்டி, "சத்தம் போடாதீங்க, தம்பி தூங்குறான்!" என்று அதட்டிவிட்டு வந்தேன்.