எங்கள் வீட்டுக் கிணறு போனில் பேசிய கதை

மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று மருமகள் படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணறு அந்தக் காலத்திலேயே தாம்பரத்துக்குப் போனில் பேசியது. சிரிக்காதீர்கள். என் படிப்பு கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட்டது. ஆனால் கண் நன்றாகத் தெரியும்.

நிலத்தடி நீரை அளக்கிற தாம்பரம் ஆபீசிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். ஒல்லியான பிள்ளை, சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர். கிணற்றுக்குள் ஒரு ஒயரை இறக்கினார். தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். டேட்டா லாகராம். அதிலிருந்து ஜன்னல் வழியாக இன்னொரு ஒயர், மோடம் என்ற சின்னப் பெட்டிக்கு, மோடத்திலிருந்து போனுக்கு. போனும் அவர்கள் செலவு! தெருவிலேயே முதல் போன். அக்கம்பக்கத்தார் எல்லாம் எங்கள் எண்ணைத்தான், போன் வந்தால் நாங்கள் போய்க் கூப்பிட்டுக் கொடுக்கிற பி.பி. நம்பர் என்று சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒரே கட்டளை: சாயங்காலம் நாலு மணிக்கு மோடம் சுவிட்சைப் போட வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் கூப்பிடும்; மூன்றாவது ரிங்கில் மோடமே எடுத்துக் கணக்கை ஒப்பிக்கும். நான் போனைத் தொடக்கூடாது.

நம் வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? நான் தினமும் முந்திக்கொண்டு எடுத்து, "யாருங்க? சாப்டாச்சா?" என்பேன். கம்ப்யூட்டர் 'கீங்' என்று முனகிவிட்டு வைத்துவிடும். கடைசியில் இஞ்சினியரே வந்து போனுக்குக் காவல் உட்கார்ந்தார்.

அன்றைக்கென்று பார்த்து, என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன அஸ்தினாபுரத்துக்காரர்கள் போனில் முடிவு சொல்வதாக இருந்தது. நல்ல இடம். மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. நாலு மணி தாண்டி ரிங் அடித்தது. என் கை தானாகப் போனது.

"அம்மா, தொடாதீங்க! அது கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் நாளைக்கும் கூப்பிடும் தம்பி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூப்பிடுவாங்களா?"

அதற்குள் மோடம் எடுத்துவிட்டது. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி அலறி, கரகரத்து, ஓய்ந்தது. இஞ்சினியர் மோடத்தை அணைத்துவிட்டு ஆபீசுக்குப் பேசினார். அங்கே கரண்டே இல்லையாம். கம்ப்யூட்டர் கூப்பிடவே இல்லையாம். அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்படியானால் கூப்பிட்டது மாப்பிள்ளை வீட்டார்தான். அவர்கள் ஏதோ ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பேசுகிறவர்கள். திருப்பிக் கூப்பிட வழியில்லை.

இருட்டுவதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கினார் பையனின் அம்மா.

"இன்னாம்மா இது? சம்மதம் சொல்லலாம்னு பூத்துல கியூவுல நின்னு போன் பண்ணா, யாரோ காதுல கீச்சுன்னு கத்துறாங்க! பொண்ணுக்கு இஷ்டம் இல்லையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அது எங்க கிணறுங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

இஞ்சினியர் ஒயரைக் காட்டிக் காட்டி விளக்கினார். அந்தம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"கிணத்துக்கே இந்த வாய்னா பொண்ணு எப்படியோ!"

காபியோடு வந்த என் மகள், "நான் மூணு ரிங் வரைக்கும் பொறுத்துப்பேன் அத்தை" என்றாள்.

அந்தம்மா காபி சிந்தச் சிந்தச் சிரித்தார். "போதும்மா. நல்ல நாள் பாருங்க."

கிணற்றை மூடிச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. மோடம் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. சம்பந்தியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் நான் போனை எடுக்காவிட்டால் என் மகளே, "அம்மா தூங்குது போல" என்று விட்டுவிடுகிறாள். போனில் ஒரு சத்தம் கேட்டு, என்னவோ ஏதோ என்று ஆட்டோ பிடித்து ஓடி வந்த மனுஷி அவர் ஒருவர்தான்.